மழைக்காலத்தில் வீட்டிலேயே கலியாண அழைப்பிதழ்: 150 மட்டை, ஆறு பேர், இரண்டு நாள் சமையல்

தையில் கலியாணம் என்றால் அழைப்பிதழ் வேலை கார்த்திகையில் வந்து விழும். வன்னியில் அது மழை விடாத காலம். கடதாசி ஈரத்தை இழுக்கும், பசை காயாது, உதவிக்கு வந்தவர்களுக்கு மூன்று வேளையும் சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும். நான் மூன்று கலியாணத்துக்கு இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் தடவை நாற்பது மட்டை பழுதாய்ப் போனது. கடதாசி மோசமில்லை, வேலையை முன்பின்னாகச் செய்ததுதான் பிழை. அதனால் ஒழுங்கைத்தான் இங்கே அழுத்திச் சொல்லப் போகிறேன்.

சமையலையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மட்டை பழுதாவது பெரும்பாலும் குசினியிலிருந்து வரும் கையால்தான்.

1. ஆட்களை எண்ண வேண்டாம், வீடுகளை எண்ணுங்கள்

கொப்பியில் பெயர்களை எழுதத் தொடங்கினால் ஐந்நூறு வரும், பயந்துபோவீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மட்டைதான். பெண் வீட்டார் ஒரு பட்டியல், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பட்டியல் என்று தனித்தனியாக எழுதி, இரண்டிலும் உள்ள பெயர்களை ஒரு பக்கத்தில் வெட்டிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றால் அவர்களைத் தனியாக எழுதுங்கள்.

150 வீடு என்று வந்தால் 165 மட்டை செய்யுங்கள். பத்தில் ஒன்று எப்படியும் பழுதாகும். பிறகு ஐந்து மட்டைக்காக மறுபடி கடைக்கு ஓடினால் அதே நிறக் கடதாசி கிடைக்காது.

2. கடதாசி வாங்க முதல் வாசகத்தை முடியுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் முதலில் கடைக்குப் போய் அழகான மட்டை வாங்கி வருகிறார்கள். பிறகு வாசகம் அதற்குள் அடங்காது. எழுத்தைச் சின்னதாக்குவார்கள், அப்பம்மாவால் வாசிக்க முடியாமல் போகும். வாசகம் எத்தனை வரி என்று தெரிந்த பிறகுதான் அளவு.

வாசகத்தில் பிழை எப்போதும் அதே இடங்களில்தான் வரும். முதலாவது வருடப் பெயர். தமிழ் வருடம் சித்திரையில்தான் மாறும். 2027 தையில் கலியாணம் என்றால் 2026 சித்திரையில் பிறந்த பராபவ வருடம்தான் இன்னும் நடக்கும். ஜனவரி பிறந்துவிட்டது என்று அடுத்த வருடப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது விடியப்புற முகூர்த்தம். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தோடு தொடங்கும், ஆங்கிலத் திகதி நள்ளிரவில் மாறும். காலை 4.30க்கு முகூர்த்தம் என்றால் தமிழ்த் திகதி ஒன்றாகவும் ஆங்கிலத் திகதி அடுத்ததாகவும் நிற்கும். கிழமையையும் சேர்த்து எழுதி, ஐயரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பக்கம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழக்கத்தில் இருக்கிறது. நாள் வைத்துத் தந்தவர் பார்த்த பஞ்சாங்கத்தையே கடைசிவரை பிடியுங்கள். நேரத்தை ஒன்றிலும் நட்சத்திரத்தை மற்றதிலும் எடுத்தால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும்.

மூன்றாவது, கலியாணம் நடக்கும் இடம். புதுக்குடியிருப்பு என்று மட்டும் போட்டால் போதாது, மட்டக்களப்பிலும் ஒரு புதுக்குடியிருப்பு இருக்கிறது. மாவட்டத்தையும் போடுங்கள். மண்டபம் ஏ9 வீதியில் என்றால் எத்தனையாம் கட்டை, எந்தச் சந்திக்கு எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்தால், கலியாணத்தன்று உங்கள் தொலைபேசி ஓய்வாக இருக்கும்.

இனிப் பெற்றோர் பெயர். இறந்தவருக்கு முன்னால் ‘அமரர்’ போடுவது வழக்கம். ஆனால் எங்கள் ஊர்களில் காணாமல் ஆக்கப்பட்ட தகப்பன்மார் இருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதைத் தாயிடம் தனியாகக் கேளுங்கள். சிலர் ‘திரு.’ என்றே போடச் சொல்வார்கள். நீங்களாக முடிவெடுத்து அடித்துவிட்டு, மட்டையை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

எழுதி முடித்ததை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் அடையாள அட்டையிலுள்ள பெயரோடு ஒப்பிடட்டும். கண்ணால் மட்டும் பார்த்தால் தெரிந்த பெயரில் உள்ள பிழை தெரியாது.

3. அளவும் கடதாசியும்

எனக்கு ஒத்துவந்த கணக்கு இது. ஏ4 மட்டை ஒன்றை நடுவால் குறுக்கே வெட்டினால் இரண்டு ஏ5. ஏ5 ஒன்றை மடித்தால் ஓர் அழைப்பிதழ். அது 105க்கு 148 மில்லிமீற்றர் வரும், 114க்கு 162 அளவுள்ள சி6 உறைக்குள் இலகுவாகப் போகும். 165 அழைப்பிதழுக்கு 83 ஏ4 மட்டை வேண்டும், 90 வாங்குங்கள்.

வெளி மட்டை 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) போதும். 300க்கு மேல் போனால் கையால் மடிக்கும்போது வெடிக்கும். உள்ளே ஒட்டும் வாசகத் தாள் 100 ஜிஎஸ்எம். ஓர் ஏ4 தாளில் நான்கு வாசகம் வரும், ஆகவே 42 தாள், பழுதுக்கும் சேர்த்து 45.

வாசகத் தாளை மட்டையின் அதே அளவில் வைக்காதீர்கள். 95க்கு 138 என்று சுற்றிவர ஐந்து மில்லிமீற்றர் குறையுங்கள். சரி அளவாக வெட்டினால் ஒரு மில்லிமீற்றர் சரிந்து ஒட்டினாலும் கண்ணில் குத்தும். சுற்றிக் கரை விட்டால் அந்தச் சரிவு தெரியாது.

மட்டைக்கும் மரத்தைப்போல ஓட்டம், அதாவது நார் ஓடும் திசை, உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் நேராக மடியும், குறுக்கே மடித்தால் விளிம்பு நார்நாராகப் பிரியும். மட்டையை உடையாமல் மெதுவாக வளைத்துப் பாருங்கள், எந்தக் கோட்டில் இலகுவாக வளைகிறதோ அந்தக் கோட்டின் திசைதான் ஓட்டம். ஏ4ஆக வெட்டி விற்பதில் பெரும்பாலும் நீளப் பக்கமாகவே ஓடும், மேலே சொன்ன மடிப்பும் நீளப் பக்கத்துக்குச் சமாந்தரமாக வருவதால் சிக்கல் இல்லை. பெரிய பிரிஸ்டல் போட் வாங்கி வீட்டில் வெட்டுபவர்கள்தான் இதைப் பார்க்காமல் மாட்டுப்படுவார்கள்.

வாங்கியதைப் பொலித்தீனோடு சேர்த்து இறுக மூடக்கூடிய பெட்டிக்குள் வையுங்கள். அலுமாரிக்கு மேல் திறந்தபடி ஒரு வாரம் கிடந்தால், மழையில் ஓரம் அலையடித்துவிடும்.

4. அடித்தல்

வாசகத் தாளை லேசர் பிறிண்டரில் அல்லது போட்டோக்கொப்பியில் எடுங்கள். மை தெளிக்கும் பிறிண்டரில் எடுத்தால் ஈரக் கை பட்டவுடன் எழுத்துக் கரையும், இந்த மாதத்தில் ஈரம் படாத கை எங்கே இருக்கிறது?

வீட்டில் பாமினி எழுத்தில் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பை அப்படியே கடைக்குக் கொண்டுபோனால், அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். முதலில் ஒரு தாள் மட்டும் எடுத்து, வீட்டுக்கு வந்து வெட்டி, மட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை எடுங்கள். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை.

5. வேலைக்கு முதல்நாள் இரவு: குசினி

ஆறு பேரில் ஒருவர் இரண்டு நாளும் குசினியிலேயே இருக்க வேண்டும். அவர் மட்டையைத் தொடக்கூடாது. “இஞ்சை கொஞ்சம் பிடி மச்சாள்” என்று யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. தேங்காய்ப்பால் பட்ட விரல் காய்ந்த மாதிரித்தான் தெரியும், மட்டையில் எண்ணெய் வட்டம் அடுத்தநாள்தான் எழும்பும்.

இரவே செய்து வைக்க வேண்டியவை: சிவப்பரிசி மாவை வறுத்து, அரித்து, ஆறவிட்டு ரின்னில் போடுவது, கௌபியை ஊறப் போடுவது, வெங்காயம், பச்சை மிளகாயை வெட்டி மூடி வைப்பது. தேங்காயை மட்டும் காலையில் துருவுங்கள். இரவே துருவி வைத்தால் புளித்த மணம் வரும்.

வேலை தொடங்கும் முதலாம் நாள் சமையலில் மஞ்சளும் பொரியலும் வேண்டாம். வடை, றோல்ஸ், மிளகாய்த்தூள் போட்ட கறி எதுவும் வேண்டாம். சாப்பிட்டுக் கை கழுவினாலும் நகத்துக்குள் நிற்கும் மஞ்சள் வெள்ளை மட்டையில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் இதை வெள்ளைச் சாப்பாடு என்றுதான் சொல்வது.

6. வெட்டும் மடிப்பும்

கடையில் வெட்டும் இயந்திரம் இருந்தால் மட்டையை அங்கேயே வெட்டுவியுங்கள், மாதிரி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். வீட்டில் என்றால் இரும்பு அடிமட்டம், புது அலகு போட்ட கட்டர், அடியில் தடித்த மட்டை. ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அடுக்கி வைத்து வெட்டினால் மேலே உள்ளது சரியாகவும் கீழே உள்ளது சரிந்தும் வரும். அழுத்தி ஒரே இழுப்பில் வெட்டாமல், மெதுவாக மூன்று தரம் இழுங்கள்.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்த வேண்டும். மை முடிந்த பேனை ஒன்று இதற்குப் போதும். மட்டையின் வெளிப்பக்கத்தில் நடுவில் அடிமட்டம் வைத்து ஒரு தரம் அழுத்தி இழுங்கள். மறுபக்கத்தில் சின்ன மேடு தெரியும். அந்த மேடு உள்ளுக்குப் போகுமாறு மடியுங்கள். எதிர்ப்பக்கம் மடித்தால் நார் இழுபட்டு வெடிக்கும். வந்தவர்கள் பத்துப் பேரிடம் கொடுத்தால் எட்டுப் பேர் எதிர்ப்பக்கம்தான் மடிப்பார்கள். ஆகவே ஒருவர் கோடு போட, ஒருவர் மட்டும் மடிக்கட்டும்.

மடிப்பை நகத்தால் தேய்க்க வேண்டாம், மினுக்கம் விழும். கரண்டியின் முதுகில் ஒரு துண்டுத் தாளைச் சுற்றித் தேயுங்கள்.

7. மதியம்: புட்டும் வெள்ளைச் சொதியும்

கை நோகும் நேரத்தில் சாப்பாடு வர வேண்டும். பிந்தினால் மடிப்பு கோணும்.

ஆறு பேருக்கு நான்கு சுண்டு (அளக்கும் பேணி) வறுத்த மா. உப்பைப் போட்டுக் கலந்து, கொதித்து இறக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்கள். இரண்டு சுண்டுத் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் முழுவதும் தேவைப்படும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மாவும் வேறு மாதிரிக் குடிக்கும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். தண்ணீர் கூடிவிட்டால் கொஞ்சம் மாத் தூவலாம், ஆனால் புட்டுக் கொஞ்சம் கல்லாகத்தான் வரும்.

பிறகு சுண்டின் விளிம்பால் கொத்துங்கள். மணி மணியாக வந்ததும் ஒரு தேங்காயின் பூவில் பாதியைக் கலந்து, மீதியை இடையிடையே போட்டு, புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் நிரப்புங்கள். அமத்தக் கூடாது, அமத்தினால் ஆவி மேலே வராமல் நடு வேகாது. மேலால் ஆவி பறக்கத் தொடங்கிய பிறகு பத்து நிமிடம் விட்டால் போதும்.

சொதிக்கு வேறொரு தேங்காய். தலைப்பாலைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, அரைக் கரண்டி வெந்தயம், உப்புப் போட்டு அவியவிடுங்கள். வழமையாகப் போடும் மஞ்சளை இன்றைக்கு விட்டுவிடுங்கள். வெங்காயம் மெதுத்ததும் தலைப்பாலை விட்டு, துழாவிக்கொண்டே நின்று, ஓரம் நுரைக்கும்போது இறக்குங்கள். கொதிக்க விட்டால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளி இறக்கிச் சற்று ஆறிய பிறகுதான். அடுப்பில் வைத்தபடி புளி விட்டு, முழுச் சொதியையும் ஊற்றிய ஆட்களை எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும், பனங்கட்டியோடு பிளேன்ரீ. தாளிக்க வேண்டாம், கரண்டியால் சாப்பிடட்டும். தேத்தண்ணி வேறு வாங்கில் இருக்க வேண்டும். மட்டை இருக்கிற மேசையில் ஒரு கோப்பையும் வைக்க விடாதீர்கள், அது மாமாவாக இருந்தாலும்.

8. பசை

கால் கப் கோதுமை மா, ஒன்றேகால் கப் தண்ணீர். கால் கப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதி ஒரு கப்பைக் கொதிக்க வைத்து, கரைத்ததை ஊற்றித் துழாவுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் வெள்ளை மாறிக் கண்ணாடிபோல மினுங்கும். இறக்கி, மேலே ஆடை பிடிக்காமல் மூடி ஆறவிட்டு, துணியால் வடியுங்கள். ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

பழைய ஆட்கள் பூச்சி வராமல் துருசு போடச் சொல்வார்கள். அது நஞ்சு. சாப்பாடு நடக்கிற வீட்டில், அதே கரண்டி புழங்கும் குசினியில், வேண்டவே வேண்டாம்.

வாசகத் தாளின் மேல் விளிம்பில் ஒரு சென்றிமீற்றர் மட்டும் பூசுங்கள். முழுவதும் பூசக் கூடாது. ஈரம் பட்ட தாள் விரியும், காயும்போது சுருங்கி மட்டையையும் சேர்த்து இழுக்கும். முதல் தடவை நாங்கள் முழுவதும் பூசி, மட்டைகளைக் கயிற்றில் உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டோம். விடிய எழும்பிப் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டு நின்றன.

ஒட்டியதும் இருபது இருபதாக அடுக்கி, இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, மேலே ஒரு பலகை, பலகையின் மேல் பத்துக் கிலோ அரிசிப் பை. இரவு முழுக்கக் கிடக்கட்டும். இடையில் பத்திரிகைத் தாள் வைக்க வேண்டாம், மை ஏறும். பலகை இல்லாமல் பையை நேரே வைத்தால் நடுவில் குழி விழும்.

9. ஓலை

இரண்டாம் நாள் காலை. முகப்பில் பனையோலைத் துண்டு ஒட்டுவது எங்கள் வீட்டு விருப்பம், நீங்கள் விட்டாலும் விடலாம். பெட்டி இழைக்க வைத்திருக்கும் காய்ந்த சார்வோலைதான் வேண்டும். பச்சையாக ஒட்டினால் காயும்போது சுருங்கிக் கழன்றுவிடும். மழையில் ஓலை காயாது, ஆகவே புரட்டாதிக்குள்ளேயே எடுத்துக் காயவைத்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் இழைப்பவர்களிடம் வாங்குங்கள்.

ஈர்க்கை நீக்கி, ஒரு சென்றிமீற்றர் அகலத்தில் வார்ந்து, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, புத்தகத்துக்குள் வைத்து நிமிர்த்துங்கள். ஓலையின் மேல் மெழுகுபோல ஒரு படை இருப்பதால் மாப்பசை பிடிக்காது. இதற்குப் பைண்டர் கம். மெல்லியதாகப் பூசி, அரை நிமிடம் விட்டு ஒட்டுங்கள். இரண்டு படைக்கு மேல் ஓலை வைத்தால் உறை புடைக்கும், தபாலில் போவது கசங்கும்.

10. மஞ்சள்

எல்லா ஒட்டும் காய்ந்த பிறகு, கடைசியாக. நான்கு மூலையிலும் மஞ்சள் தொடுவது சின்ன வேலை என்று பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள், பழுது வருவதும் இங்கேதான்.

மஞ்சளைக் குழம்பாகக் கரைக்காமல் சுண்ணாம்பு பதத்துக்கு இறுக்கமாகக் குழையுங்கள். விரல் நுனியால் தொட்டு, முதலில் பழைய தாளில் ஒற்றிவிட்டுப் பிறகு மட்டையில் வையுங்கள். காயாமல் அடுக்கினால் அடுத்த மட்டையின் முதுகில் அச்சு விழும். பாயில் பரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். வெயில் வந்தாலும் வெயிலில் வைக்க வேண்டாம், மஞ்சள் வெளிறிவிடும்.

சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையைத் துடைக்காமல் தொடக் கூடாது. சவர்க்காரத்தின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகும். முதலாவது கலியாணத்தில் நாற்பது மட்டை போனது இதால்தான். என்னுடைய பெறாமகள் நல்ல பிள்ளை, சாப்பிட்டு வந்து கவனமாகக் கை கழுவிவிட்டுத்தான் வேலையைத் தொட்டாள். துடைக்கத்தான் இல்லை.

இன்றைய மதியச் சாப்பாட்டில் மஞ்சள் வரலாம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல் போதும். ஆனால் சாப்பாடு மஞ்சள் காய்ந்து, மட்டை எல்லாம் பெட்டிக்குள் போன பிறகு.

11. உறையும் பெயரும்

மட்டையை உள்ளே வைக்க முதல் உறையில் பெயரை எழுதுங்கள். வைத்த பிறகு எழுதினால் பேனை அழுத்தம் ஓலையில் தட்டுப்பட்டு எழுத்துக் கோணும், உள்ளே அச்சும் விழும். ஜெல் பேனை வேண்டாம், சாதாரண குமிழ்முனைப் பேனைதான் ஈரத்துக்கு நிற்கும். ஒரே கையெழுத்தில் 150 உறை எழுத ஒருவரால் ஏலாது. பெண் வீட்டுப் பட்டியலை ஒருவரும் மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலை ஒருவரும் எழுதினால் கலவன் தெரியாது.

எழுதி முடித்ததை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டுங்கள். பரந்தன், தருமபுரம், விசுவமடு ஒரு கட்டு. மாங்குளம், மல்லாவி ஒரு கட்டு. கலியாணம் சொல்லப் போகும் நாளில் ஒரு கட்டைத் தூக்கினால் ஒரு பாதை முடியும். எங்கள் வீட்டில் முதல் மட்டை முறிகண்டிப் பிள்ளையாருக்கு. ஆகவே அதை மாங்குளம் கட்டின் மேலே வைப்போம்.

மோட்டார் சைக்கிளில் போனால் கட்டை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். பைக்குள்ளேயே வெற்றிலையை வைக்க வேண்டாம், அது ஈரம் விடும். வெற்றிலைத் தட்டம் தனியே.

மிச்சமாக நிற்கும் மட்டைக்குப் பெயர் எழுதாமல் பிஸ்கற் ரின்னில் போட்டு, ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்து மூடுங்கள், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போன தடவை கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து ஏழு கேட்டார்.